காதைப் பார்க்காமல் ஏற்றிய மாடு

என் அண்ணனை இந்தப் பக்கம் எல்லாரும் கம்மல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தங்க வேலை தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மாட்டின் காதில் எண் பொறித்த மஞ்சள் வில்லையைக் குத்துவது அவருடைய வேலை. "ஊரு மாட்டுக்கெல்லாம் கம்மல் போடுறீங்க, கூடப் பொறந்தவ காது மூளியா இருக்கே" என்று பால் நிலையத்தில் யாராவது சீண்டுவார்கள். அண்ணன் சிரிக்காமல், "அவ அசையாம நிக்க மாட்டா" என்பார்.

இருபத்து மூன்று வருஷம் மருந்தகத்தில் வேலை பார்த்தார். சேர்ந்த புதிதில் தரை கழுவுவதும் மாட்டைப் பிடித்துக்கொள்வதும்தான் அவர் பாடு. ஒரு நாள் குத்துகிறவர் வரவில்லை என்று வில்லை குத்தும் குறட்டை இவர் கையில் கொடுத்தார்கள். மாட்டின் காதுக்குள் இரண்டு நரம்புகள் ஓடும். இரண்டுக்கும் நடுவில் குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வராது. அண்ணன் இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்து, ஏதோ முனகுவார். மாடு அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வில்லை ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குறட்டை யாரும் அவரிடமிருந்து திருப்பி வாங்கவில்லை.

இந்த வில்லைக்கு நிறைய விதிகள் உண்டு. கன்று பிறந்து ஒரு மாதத்துக்குள் குத்த வேண்டும். தாயின் எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும். விற்றால் வாங்கியவர் பேருக்கு மாற்ற வேண்டும். செத்தால் காதிலிருந்து வெட்டி எடுத்து மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு எண் ஒரு மாட்டுக்குத்தான், அது செத்த பிறகும் வேறு மாட்டுக்குப் போகக் கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் வெட்டி வேலை என்று தோன்றும். ஆனால் ஒரு மாட்டுக்கு நோய் வந்தால், அது எந்த வீட்டில் பிறந்தது, எந்தச் சந்தை வழியாக வந்தது, எந்த மாட்டோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தது என்று பின்னாலேயே போய்ப் பிடிக்க வேண்டும். அப்படிப் போவதற்கு அந்த எண் ஒன்றுதான் கயிறு.

அண்ணனின் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இவ்வளவு சுத்தமான பதிவேட்டை நான் பார்த்ததில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் அந்தப் பக்கத்தை வாரத்துக்கு ஒருவருக்காவது காட்டிவிடுவார்.

அந்தப் பதிவேடு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் நான். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் மேலே போகவும் முடியாது.

அண்ணி இறந்த பிறகு நானும் அண்ணனும் மருந்தகத்தை அடுத்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நானும் தனியாகிப் போனவள்தான். குறடு பிடித்துப் பிடித்து அண்ணனின் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. பேனா பிடித்தால் எழுத்து கோழி கிளறியதுபோல் வரும். எனக்கு எழுத்து அழகாக வரும், பள்ளியில் எனக்கு வந்தது அது ஒன்றுதான். அதனால் நான் எழுத ஆரம்பித்தேன். விதிப்படி முதலில் வில்லையைக் குத்த வேண்டும். அடுத்து காதில் இருக்கும் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மாட்டுக்காரரும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதுவது கடைசியில். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். வில்லைகள் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பையில் வரிசை எண்ணோடு வரும். தெருவில் எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு, எந்த வீட்டில் எந்த மாடு என்பது அண்ணனுக்கு மனப்பாடம். முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். அவர் வீட்டையும் மாட்டையும் சொல்லச் சொல்ல நான் எண்ணைப் போட்டு வரிசையாக எழுதிவிடுவேன். மறுநாள் அவர் குத்திக்கொண்டே போனால் போதும். பதினொரு வருஷம் இப்படியே ஓடியது. ஓடியது என்பதாலேயே அது சரி என்று ஆகிவிட்டது எங்களுக்கு.

பால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பழைய வில்லை தேய்ந்துபோன இருபத்து நான்கு மாடுகளுக்குப் புது வில்லை போட்ட நாளில்தான் பிசகு நடந்தது. நானூற்று ஒன்றிலிருந்து நானூற்று இருபத்து நான்கு வரை எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாவது மாடு குறும்புக்காரி. தலையை உதறியதில் வில்லையின் முள் உடைந்துவிட்டது. அண்ணன் உடைந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வில்லையை எடுத்துக் குத்தினார். பதிவேட்டில் அந்த எண்ணை 'கெட்டது' என்று அடித்துவிட்டு, அதிலிருந்து கீழே எல்லா எண்ணையும் ஒன்று தள்ளித் திருத்தியிருக்க வேண்டும். மழை வந்துவிட்டது. பதிவேடு நனையக் கூடாதென்று அதை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டு மீதி மாடுகளுக்கும் குத்தி முடித்துவிட்டு வந்தார்.

இதனால் நேர்ந்தது இதுதான்: அந்த இரண்டாவது மாட்டிலிருந்து கடைசி மாடு வரை, காதில் ஏறிய எண் பதிவேட்டில் இருந்ததைவிட ஒன்று கூடுதல். மறுநாள் துணி துவைக்கும்போது அந்த உடைந்த வில்லை என் கையில் அகப்பட்டது. நானூற்று இரண்டு. நான் எழுதிய எண்தான். இது இங்கே கிடந்தால் அந்த மாட்டின் காதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.

இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தடுப்பூசி போடப் போகும்போதுகூட அண்ணன் காதைப் பார்ப்பதில்லை. மாட்டைப் பார்ப்பார், பதிவேட்டில் டிக் போடுவார்.

அப்புறம் பக்கத்து வட்டாரத்தில் கன்று வீச்சு நோய் வந்தது. சினை மாடு குறை மாதத்தில் கன்றைப் போட்டுவிடும். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதருக்கும் ஒட்டிக்கொள்ளும், மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டு வலியுமாகப் படுத்திவிடும். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து அந்தத் தெரு மாடுகள் அத்தனைக்கும் ரத்தம் எடுத்துப் போனாள். குப்பியின் மேல் மாட்டுக்காரர் பேரை எழுதுவதில்லை, காதில் இருக்கும் எண்ணைத்தான் எழுதுவார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது. நானூற்றுப் பதினாறுக்கு நோய் உறுதி. மூன்று நாளுக்குள் அந்த மாட்டை அப்புறப்படுத்திக் கொல்ல வேண்டும். அந்த வீட்டில் வேறு மாடு இருந்தால் நாற்பது நாள் ஒதுக்கிக் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் பால் நிலையத்தில் எடுக்கப்படாது.

அண்ணன் பதிவேட்டைத் திறந்தார். நானூற்றுப் பதினாறு, தையல்காரம்மா வீட்டுச் செவலை என்று என் கையெழுத்தில் இருந்தது.

தையல்காரம்மா ஒரு அறையில் இயந்திரத்தைப் போட்டுத் தைத்துக்கொண்டு, பின்னால் கொட்டகையில் இரண்டு மாடு வைத்திருந்தாள். செவலை ஏழு மாதச் சினை. இன்னொன்று அதே செவலை முன்பு ஈன்ற கிடாரி, அப்போதுதான் முதல் கன்றை ஈன்று கறவைக்கு வந்திருந்தது. தைக்க வருகிறவர்களிடம் அளவைவிடச் செவலையைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள். "நான் மிஷினை நிறுத்தினா அதுக்குத் தெரிஞ்சிரும். தண்ணி வைக்க வர்றேன்னு அங்கேருந்தே கத்தும்" என்பாள்.

வண்டி வந்த அன்று நானும் போயிருந்தேன். அண்ணன் கேட்டதால் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். செவலையின் காது மடலில் சேறு காய்ந்து, வில்லை உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் காதைப் படித்துப் படிவத்தில் எழுத வேண்டும் என்று விதி. தையல்காரம்மா அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அண்ணே, காதை ஒரு தடவ கழுவிப் பாத்துட்டு ஏத்துங்க. அதுக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாத் திங்குது, நல்லா அசை போடுது" என்றாள்.

"இந்தத் தெருவுல எந்த மாட்டுக்கு எந்த நம்பர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்மா. என் புத்தகம் பொய் சொல்லாது" என்றார் அண்ணன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பதிவேட்டை விரித்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். கொட்டகைக்குள்ளேயே வாளியில் தண்ணீர் இருந்தது. இரண்டு கை தண்ணீர் போதும், அந்தச் சேறு கரைந்திருக்கும். அண்ணன் படிவத்தில் 'காது எண் படிக்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். வண்டிக்காரரும் அதைப் பார்த்துப் போட்டார்.

மாடு பலகையில் ஏற மறுத்தது. நான்கு பேர் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் தையல்காரம்மாவே வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். அது அவள் பின்னாலேயே போனது. அவள் பக்கவாட்டில் இறங்கினாள், கதவைச் சாத்தினார்கள்.

அதன் பிறகு அவள் வீட்டுக்கு யாரும் துணி கொண்டுபோகவில்லை. துணியில் நோய் ஒட்டாது என்று மருந்தகத்து டாக்டரம்மாவே சொன்னார், யார் கேட்டார்கள்? முன் வீட்டு ரொட்டிக்கடைக்காரர்தான் அதில் முன்னால் நின்றார். தன் வேலி ஓரத்தில் சுண்ணாம்புத் தூளைக் கோடாகக் கொட்டி, "இந்தப் பக்கம் அந்தக் காத்தே வரக் கூடாது" என்று பால் நிலையத்தில் நின்று சொன்னார். கெட்டவர் இல்லை அவர். பயந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் தன் மாட்டில் கறந்த சூட்டோடு, நுரையோடு, ஒரு பெரிய டம்ளர் பச்சைப் பால் குடிப்பார். அறுபது வயதில் மாவு மூட்டை தூக்குகிறேன் என்றால் அதனால்தான் என்பார்.

எட்டாம் நாள் மதியம் தபாலில் ஒரு உறை வந்தது. கொல்லும் இடத்தில் வெட்டி எடுத்த வில்லை, பதிவேட்டில் ரத்து செய்வதற்காக அனுப்பியிருந்தார்கள். அண்ணன் அதை மேசையில் கொட்டினார். நான் அப்போது தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், வில்லையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

நானூற்றுப் பதினேழு.

"உறை மாறி வந்திருக்கும்" என்றார். பதினேழு பதிவேட்டில் கொத்தனார் வீட்டுக் கறுப்பு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போன வேகத்துக்குத் திரும்பி வரவில்லை. வந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. கொத்தனார் வீட்டுக் கறுப்பின் காதில் நானூற்றுப் பதினெட்டு இருந்ததாம். அடுத்த வீட்டில் பத்தொன்பது. மறுபக்கம் திரும்பி, பதிவேட்டில் பதினைந்தாக இருந்த ரொட்டிக்கடைக்காரர் மாட்டைப் பார்க்க அவர் கொட்டகைக்குப் போயிருக்கிறார். அங்கே ஆள் இல்லை. மாட்டின் காதைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். நானூற்றுப் பதினாறு.

நான் எழுந்து இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டு, பொத்தான்களுக்கு அடியிலிருந்து அந்த உடைந்த வில்லையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பாவம் எங்கள் மேசை மேலேயே கிடந்தது.

"நாளைக்குச் சொல்லிடுறேன்" என்றார்.

மறுநாள் டாக்டரம்மா கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார். அதற்கடுத்த நாள், எல்லா மாட்டின் காதையும் பார்த்து முழுக் கணக்காகச் சொன்னால் நல்லது என்றார். மூன்றாம் நாள் தலைவலி. மூன்று நாளும் விடியும்போது ரொட்டிக்கடைக்காரர் டம்ளரோடு கொட்டகைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இரண்டாம் நாள் அண்ணன் அந்தப் பக்கமாக நடந்து போய், வேலிக்கு வெளியே நின்று, பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், காலம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் மீசையில் நுரையோடு சிரித்து, என் மாட்டுக்கு உங்க கம்மல் காவல் இருக்கையில் எனக்கென்ன என்றாராம். அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

அந்த நாட்களில் நான் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஒரு தடவை வேண்டினால், இது யாருக்கும் தெரியாமல் போய்விடட்டும் என்று இரண்டு தடவை வேண்டினேன். கடவுளைத் திருட்டுக்குத் துணைக்குக் கூப்பிட்ட மாதிரி.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் சாப்பிடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினேழாம் வில்லை விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான்தான் பேச்சை எடுத்தேன். அந்த வில்லையை அடுப்பில் போட்டுவிட்டால் என்ன, பதினாறு வந்து சேர்ந்தது என்று நான் எழுதிவிடுகிறேன், ரொட்டிக்கடைக்காரர் மாட்டுக்கு வேறு காரணம் சொல்லி இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொன்னால் அது தானாக வெளியே வந்துவிடும், நோயும் நிற்கும், நம் பேரும் நிற்கும் என்றேன். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது, கோவையாக வந்தது.

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனசுக்குள் அவர் ஒளித்து வைத்திருந்ததை நான் எடுத்து வெளியே போட்டுவிட்டது மாதிரி ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்தம்மா காதைப் பாருங்கன்னு சொன்னாங்க. அது ஒண்ணுதான் கேட்டாங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்குத்தான் போனார். தையல்காரம்மாவிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும், ஆனால் ரொட்டிக்கடைக்காரர் கையில் டம்ளர் எந்த நேரமும் வாய்க்குப் போய்விடும். நானும் பின்னால் போனேன். ரொட்டிக்கடைக்காரர் கறந்து முடித்துவிட்டுக் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மாட்டின் காதை நீங்களே படியுங்கள் என்றார். அவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு படித்தார். நானூற்று... என்று தொடங்கிப் பதினாறு என்று முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அந்தத் தெருவில் அந்த எண்ணைத் தெரியாதவர் யாரும் இல்லை.

"அது தையல்காரம்மா மாடுல்ல?"

"இல்ல. உங்களது. நான் தப்பா எழுதிட்டேன். தப்பான மாட்டை ஏத்திட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"மூணு நாளாச்சு."

ரொட்டிக்கடைக்காரர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா நான் குடிக்கிறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேள்விதான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்ட குரலில் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

அதனால் பத்தடி தூரத்தில் இருக்கும் தையல்காரம்மா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. அவள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். தைக்கத் துணி ஏதும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். நடந்ததை முதலிலிருந்து சொன்னார். முன்கூட்டியே எழுதி வைப்பது, மழை, உடைந்த வில்லை, உறையில் வந்த வில்லை, மூன்று நாள். எழுதியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவளாக அவர் பின்னால் நின்றேன்.

அவள் கேட்டு முடித்ததும், "ஏழு மாசம் அண்ணே" என்றாள். எழுந்து கிடாரிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை, எழுதி வாங்கிக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் மாட்டை ஏற்றிப் போனார்கள். இந்தத் தடவை காதைக் கழுவி மூன்று பேர் படித்தார்கள். அவருக்கு ரத்தம் சோதித்துப் பார்த்ததில் நோய் தொற்றியிருந்தது தெரிந்து, ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டார். கடவுள் புண்ணியத்தில் முற்றுவதற்குள் பிடித்துவிட்டார்கள். அந்தத் தெருவின் எல்லாக் காதுகளையும் திரும்பப் படித்தார்கள், பதிவேட்டில் இருபத்து மூன்று வரிகளில் சிவப்பு மையில் கோடு விழுந்தது. அண்ணனிடமிருந்து குறட்டை வாங்கிக்கொண்டு மருந்துப் பாட்டில் கழுவும் இடத்தில் விட்டார்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய அதே தரை. அவர் அதற்கு வருந்தவில்லை.

வருந்தியது வேறு ஒன்றுக்கு. தையல்காரம்மாவின் கிடாரிக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் பாலை யாரும் வாங்கவில்லை. ஒதுக்கம் விலக்கப்பட்டது என்று நிலையத்தில் தாள் ஒட்டினார்கள். தாளை யார் படிக்கிறார்கள்? அவள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றால், பின்னால் நிற்கிறவர் தன் பாத்திரத்தை ஒரு அடி தள்ளி வைத்தார். "அதிகாரிங்க முதல்ல ஒண்ணு சொன்னாங்க, இப்ப ஒண்ணு சொல்றாங்க. நம்ம ஜாக்கிரதையில நாம இருப்போம்" என்று பேசிக்கொண்டார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அண்ணன் என்னிடம், நோய் வந்ததைத் தேடிப் பிடிக்க விதி இருக்கிறது, நல்ல பேரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க ஒரு விதி இல்லை என்றார்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் தினமும் பால் நிலைய வாசலில் போய் நின்றார். வருகிற ஒவ்வொருவரிடமும், தையல்காரம்மா மாட்டுக்கு நோய் இருந்ததில்லை, நான் காதைப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னார். முதல் நாள் எல்லாரும் நின்று கேட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். ஆறாம் நாள் சிரித்தார்கள். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க. கம்மல்காரரே, இன்னிக்கு எனக்கு எத்தனையாவது தடவ சொல்றீங்க?" என்று ஒரு பால்காரர் கேட்டார். அண்ணன் ஆறாவது தடவை என்று சொல்லிவிட்டு, ஆறாவது தடவையும் சொன்னார். நானும் போய் அவர் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்கவில்லை, நின்றேன். ஒன்பது பத்து நாளில் ஒன்றிரண்டு பேர் அவளோடு பேசத் தொடங்கினார்கள். கொத்தனார் மனைவி தைக்கத் துணி கொடுத்தாள். சரியாகி வருகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

பன்னிரண்டாம் நாள் தையல்காரம்மா பாலை ஊற்றிவிட்டு, வெறும் பாத்திரத்தோடு நேராக எங்களிடம் வந்தாள். இத்தனை நாளும் எங்களைத் தாண்டித்தான் போவாள். அன்றைக்கு நின்றாள்.

"போதும்ண்ணே. நாளையிலேருந்து வராதீங்க" என்றாள்.

அண்ணன், இன்னும் நிறைய பேருக்குத் தெரியாது என்றார்.

"தெரிஞ்சது போதும். நீங்க உங்க மனசு ஆறுறதுக்கு நிக்கிறீங்க. எனக்கு உங்களப் பாக்குறப்பல்லாம் அது என் பின்னாடி ஏறி வந்ததுதான் கண்ணுல நிக்குது. தினமும் காலையில அதைப் பாத்துட்டு நான் போய் மிஷின்ல உக்கார வேண்டியிருக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மூணு நாளா தெரியும்னு இவர் சொன்னாரு. உங்களுக்கு?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அண்ணன் மறுத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

"எனக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தை எழுதினதும் நான்தான். யாருக்கும் தெரியாம மறைச்சிடலாம்னு சொன்னதும் நான்தான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி வந்த நாளில் பதிவேட்டைத் தொட்டுக் காட்டினேனே, அந்த விரலையும் பார்த்தாள் என்றே எனக்குத் தோன்றியது. பிறகு தலையை ஒரு தடவை அசைத்தாள். மன்னித்ததாகவும் இல்லை, சபித்ததாகவும் இல்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது போல. பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பால் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அவள் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். மருந்தகத்துப் பின்பக்கச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனால் அரை மணி நேரம் ஆகும். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். அந்த வழியில் வீடுகள் கிடையாது.